நண்பர் கொடுத்த அலிகேட்டர் வாலை என்ன செய்வது?

அமெரிக்காவின் தென்மாநிலமான லூசியானாவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் கேட்டிருக்கிறார். கூட வேலை பார்ப்பவர் வேட்டையாடிய அலிகேட்டரின் (சதுப்பில் வாழும் ஒருவகை முதலை) வால் இறைச்சி இரண்டு பவுண்டு அவர் வீட்டு ஃப்ரீசரில் கிடக்கிறது. முன்பு ஒரு விருந்தில் சாப்பிட்டபோது ரப்பர் மாதிரி இழுத்ததாம், மீன் வாடை வேறு. இதை எப்படிச் சமைப்பது, வீட்டில் எல்லோரும் சாப்பிடலாமா, அதே நண்பர் மான், காட்டுப்பன்றி, கரடி என்று அடுத்தடுத்துத் தருகிறேன் என்கிறாரே, வாங்கிக்கொள்ளலாமா என்பது கேள்வி. மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். கடைக் கோழியைப் பையைப் பிரித்து அப்படியே சட்டியில் போடுகிறோம். அதற்கு முன்னால் இளம் பருவத்தில் அறுத்து, பரிசோதித்து, சுத்தம் செய்து, குளிரூட்டித் தருகிற வேலையை வேறு யாரோ முடித்துவிட்டார்கள். வேட்டைக்கறியில் அந்த வேலையில் பாதி நம் தலையில் விழுகிறது. எந்தப் பாதி என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

நான் லூசியானாவிலும் பக்கத்து டெக்சாஸிலும் உணவகச் சமையலறைகளில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். அலிகேட்டர், காட்டுப்பன்றி, மான், தவளைக்கால், ஆமை எல்லாவற்றையும் கையால் சுத்தம் செய்து சமைத்திருக்கிறேன். துப்பாக்கி தூக்கியவன் அல்ல, மருத்துவனும் அல்ல. ஆகவே சமையல் பற்றி நான் சொல்வதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். நோய் பற்றிச் சொல்வது உணவுப் பாதுகாப்புப் பயிற்சியில் படித்ததும் அரசு சுகாதாரத் துறைகள் வெளியிட்டதும்தான். கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ எதிர்ப்பாற்றல் குறைந்தவரோ வீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

முதலில் இந்த இறைச்சி வரும் வழி. ஒரு காலத்தில் தோலுக்காகவே கொன்று குவித்து, இந்த விலங்கு அழிவின் விளிம்புக்குப் போனது. லூசியானா 1962இல் வேட்டையை நிறுத்தியது. 1967இல் மத்திய அரசு அதை அழியும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. எண்ணிக்கை ஏறியபின் 1972இல் கேமரன் பாரிஷில் (லூசியானாவில் மாவட்டத்தைப் பாரிஷ் என்பார்கள்) மட்டும் கட்டுப்பாட்டோடு வேட்டையைத் திறந்தார்கள், 1981இல் மாநிலம் முழுவதும். 1987இல் முழுமையாக மீண்டுவிட்டதாக அறிவிப்பு வந்தது. இன்று லூசியானாவில் ஆகஸ்ட் கடைசியில் சீசன் தொடங்கும். உரிமம் வேண்டும், அடிக்கும் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட டேக் வேண்டும். நண்பரிடம் டேக் எண்ணைக் கேட்டு, பொட்டலத்தின் மேல் தேதியோடு எழுதி வையுங்கள். முறையாக அடித்தவர் உடனே சொல்லிவிடுவார். சொல்ல மழுப்பினால் கறியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் வேட்டையாடிய மானைப் பொதுவாக விற்க முடியாது. உணவக மெனுவில் இருக்கும் மான் பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தது. அலிகேட்டர் இதற்கு விதிவிலக்கு. சதுப்பில் பிடித்ததையும் உரிமம் பெற்ற கூடத்தில் வெட்டிச் சுத்தம் செய்தால் விற்கலாம். அப்படி விற்கும்போது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் கடலுணவு விதிகள்தான் இதற்குப் பொருந்தும். அந்த விதியில் ‘மீன்’ என்பதற்குள் அலிகேட்டர், தவளை, நீர் ஆமை எல்லாம் அடங்கும். நியூ ஆர்லியன்ஸின் அப்போதைய கத்தோலிக்கப் பேராயர் கிரெகரி எய்மண்டும் 2010இல் ஒருவர் எழுதிக் கேட்டதற்கு, அலிகேட்டர் மீன் குடும்பத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது என்று பதில் எழுதினார். கத்தோலிக்கர் இறைச்சியைத் தவிர்த்து மீன் உண்ணும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஊரே நிம்மதியாகச் சாப்பிடுகிறது. உங்களுக்கு வந்திருப்பது அந்தக் கூடத்தைத் தாண்டி வந்த கறி அல்ல, நண்பர் வீட்டுக் கொல்லையில் வெட்டியது. எத்தனை மணி நேரத்தில் ஐஸில் போட்டார், வெட்டும்போது குடல் கிழிந்ததா, எந்த மாதம் ஃப்ரீசரில் வைத்தார் என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். லூசியானாவின் செப்டம்பர் வெயிலில் படகில் அரை நாள் கிடந்த கறியை எந்தச் சமையல்காரனாலும் காப்பாற்ற முடியாது.

சரி, கறிக்கு வருவோம். வால் தசை வெள்ளையாக இருக்கும், கால் தசை கறுப்பாக இருக்கும். அலிகேட்டர் நாளெல்லாம் அசையாமல் கிடந்துவிட்டு ஒரே வீச்சில் பாய்கிற பிராணி. அந்தத் திடீர்ப் பாய்ச்சலுக்கான தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் குறைவு, அதனால்தான் வெள்ளை நிறம். தசைக்குள் கொழுப்பு கிட்டத்தட்டக் கிடையாது. இருக்கும் கொழுப்பெல்லாம் தசைகளுக்கு இடையிலும் தோலுக்கு அடியிலும் தனிப் பட்டைகளாகச் சேர்ந்திருக்கும். வாலை குறுக்கே வெட்டினால் உருளை உருளையான தசைகள் தெரியும், அவற்றைச் சுற்றி இந்த வெள்ளைக் கொழுப்பு. நீங்கள் சொன்ன மீன் வாடையின் வீடு அதுதான். இந்தக் கொழுப்பு ஃப்ரீசரில் உறைந்திருக்கும்போதுகூட மெதுவாகக் கெட்டுக்கொண்டே போகும், மாதம் ஆக ஆகக் காரல் ஏறும். ஆகவே கொழுப்போடு உறைய வைத்ததா, நீக்கிவிட்டு வைத்ததா என்பது, எவ்வளவு நாள் வைத்தது என்பதைவிட முக்கியம்.

கறியை இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தட்டில் வைத்து உருகவிடுங்கள். சமையல் மேடையில் வைத்து உருக வைக்க வேண்டாம். முழுக்க உருகுவதற்குச் சற்று முன்னால், இன்னும் லேசாக விறைப்பாக இருக்கும்போது எடுத்தால் கொழுப்பை நறுக்குவது சுலபம். கூர்மையான சின்னக் கத்தியால் வெள்ளைக் கொழுப்பு முழுவதையும் எடுங்கள். தசையும் வெள்ளை, கொழுப்பும் வெள்ளை என்பதால் கண்ணை நம்பாதீர்கள், விரலால் தடவினால் வழுவழுப்பாக ஒட்டுவது கொழுப்பு. அப்புறம் மேலே பளபளவென்று இருக்கும் ஜவ்வையும் நடுவில் ஓடும் வெள்ளைத் தசைநாரையும் உரியுங்கள். இரண்டு பவுண்டில் கால் பவுண்டுக்கு மேலேயே கழிந்தாலும் கவலைப்படாதீர்கள். இந்த வேலைக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் மிச்சச் சமையல் எளிது. விருந்தில் நீங்கள் சாப்பிட்டதில் இந்த அரை மணி நேரத்தை யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

இனி சமைக்கும் முறை. இரண்டே வழிதான் உண்டு: மிக வேகமாக, அல்லது மிக மெதுவாக. நடுவில் நிறுத்தினால் ரப்பர். காரணம் எளிது. கொழுப்பில்லாத தசை சூடு ஏறியதும் சுருங்கி நீரைப் பிழிந்துவிடும். சின்னத் துண்டாக இருந்து உடனே வெந்து வெளியே வந்தால் நீர் போக நேரமிருக்காது. அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால், உள்ளே தசையை இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் கரைந்து குழைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று வேக வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

வேகமான வழி பொரிப்பது. தசையின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே அரை அங்குல வில்லைகளாக நறுக்குங்கள். இறைச்சிச் சுத்தியலாலோ கனமான சட்டியின் அடியாலோ ஒவ்வொன்றையும் தட்டி, பிறகு ஒரு வாய்க்கு ஒரு துண்டாக வெட்டுங்கள். உப்பு, கயேன் மிளகாய்த்தூள், மிளகு, பூண்டுத்தூள் சேர்த்த பட்டர்மில்க்கில் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மைதாவும் மக்காச்சோள மாவும் சம அளவு கலந்து, அதில் புரட்டி, 350 முதல் 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கும் எண்ணெயில் போடுங்கள். கடலை எண்ணெய் நன்றாக இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் பொன்னிறமாகிவிடும். ஒரே தடவையில் நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, பொரிய வேண்டியது வேக ஆரம்பித்துவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ரெமுலாட் என்ற மயோனைஸ் சாஸோடு சுடச்சுடச் சாப்பிட வேண்டும். ஆறிப்போன பொரித்த அலிகேட்டரைத் திரும்பச் சூடாக்கினால் மீண்டும் அதே ரப்பர்தான்.

மெதுவான வழியில் நான் முதலில் சொல்வது சாஸ் பீக்கான்ட் என்ற காரமான தக்காளிக் குழம்பு. என்னைக் கேட்டால் இந்தக் கறிக்கு இதுதான் சரியான இடம், பொரித்தது வெறும் தொடுகறி. முக்கால் கப் எண்ணெயும் முக்கால் கப் மைதாவும் சேர்த்து அடிகனமான சட்டியில் மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். அரை மணி நேரத்தில் செங்கல் நிறத்துக்கு வரும், இதுதான் ரூ. கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். கறுப்புப் புள்ளி தெரிந்தால் கொட்டிவிட்டுத் திரும்ப ஆரம்பியுங்கள், கசப்பை எதுவும் மறைக்காது. பொடியாக நறுக்கிய வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் அதில் கொட்டி வதக்கினால் ரூ மேலும் கருகுவது நிற்கும். பூண்டு, தக்காளி, தக்காளி விழுது, பிரிஞ்சி இலை, தைம், கயேன், அப்புறம் கோழி ஸ்டாக். இன்னொரு வாணலியில் ஒன்றரை அங்குலக் கறித்துண்டுகளை உப்பு, மிளகு போட்டு எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து இதில் சேர்த்து மூடி, மெல்லக் கொப்பளிக்கும் தீயில் விடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தால் ஏமாற்றமாக இருக்கும். இரண்டு மணி நேரம் நெருங்கும்போது கரண்டியால் அழுத்தினால் பிரியும். சூடான சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுங்கள். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், பொரித்ததற்கு நேர் எதிர்.

இணையத்தில் உலவும் சில யோசனைகள் பற்றிச் சொல்ல வேண்டும். பாலில் இரவு முழுவதும் ஊறவைத்தால் வாடை போகும் என்பார்கள். நானும் பட்டர்மில்க்கில் ஊறவைக்கச் சொன்னேன், ஆனால் மாவு பிடிப்பதற்கும் உப்பு உள்ளே இறங்குவதற்கும்தான். கொழுப்பை எடுக்காமல் எத்தனை லிட்டர் பாலில் போட்டாலும் வாடை அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எடுத்துவிட்டால் பால் இல்லாமலே வாடை இல்லை. மிளகாயை அள்ளிக் கொட்டினாலும் இதே கதைதான்: காரம் தனியாகவும் காரல் தனியாகவும் நாக்கில் நிற்கும். கோழி மாதிரி இருக்கும் என்பது பாதி உண்மை. இளம் அலிகேட்டரின் வால் கோழிக்கும் கெட்டியான மீனுக்கும் நடுவே எங்கோ இருக்கும். பெரிய ஆண் அலிகேட்டரின் கால் இறைச்சியை யாரும் கோழி என்று ஏமாந்து சாப்பிட மாட்டார்கள், அதைப் பன்றிக் கொழுப்போடு அரைத்து சாசேஜ் செய்வதே மேல்.

பாதுகாப்பு. ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி இருப்பது சாதாரணம். வெட்டும் பலகை, கத்தி, கை எல்லாவற்றையும் பச்சைக் கோழியைத் தொட்டது போலவே கழுவுங்கள். உள்சூடு 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ் தொட்டால் அந்தப் பயம் முடிந்தது. தெர்மாமீட்டர் தீர்க்காத ஒன்றும் உண்டு, பாதரசம். அலிகேட்டர் உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பது, பல ஆண்டு வாழ்வது. தின்ற மீனின் பாதரசமெல்லாம் அதன் உடலில் சேரும். அது கொழுப்பில் அல்ல, தசையிலேயே இருக்கும் என்பதால் நறுக்கி எறியவும் முடியாது, வேக வைத்துப் போக்கவும் முடியாது. ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பகுதி அலிகேட்டர்களில் அதிக அளவு கண்டிருக்கிறார்கள். இடத்துக்கு இடம், வயதுக்கு வயது இது மாறும். எப்போதோ ஒரு முறை சாப்பிடும் பெரியவர்களுக்கு இதை நான் பெரிய கவலையாக நினைக்கவில்லை. ஆனால் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் காட்டு அலிகேட்டரை நான் பரிமாற மாட்டேன்.

அடுத்து, நண்பர் தருவதாகச் சொல்லும் மற்றவை. மான் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கேட்டு வாங்குங்கள். முதுகெலும்பை ஒட்டி ஓடும் பேக்ஸ்ட்ராப் கிடைத்தால் அதிர்ஷ்டம். வெள்ளி நிற ஜவ்வை உரித்து, வெண்ணெயில் சிவக்க வறுத்து, 145 டிகிரியில் எடுத்து மூன்று நிமிடம் ஆறவிட்டு வெட்டினால் போதும். மான் கொழுப்பு வாயில் மெழுகு போலப் படியும், அதையும் எடுத்துவிட வேண்டும். அரைத்த மான்கறியில் எனக்குத் தயக்கம் உண்டு. ஈயத் தோட்டா எலும்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும், அரைக்கும்போது அது எல்லாவற்றிலும் கலந்துவிடும். வடக்கு டகோட்டாவில் 2008இல், உணவு வங்கிகளுக்குத் தானமாக வந்த அரைத்த மான்கறியை இதற்காகவே எறியச் சொன்னார்கள். நண்பர் செப்புத் தோட்டா பயன்படுத்துகிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் முழுத் தசையாக, காயத்திலிருந்து தள்ளி வெட்டியதை வாங்குங்கள்.

மானுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. மானை மெலிய வைத்துக் கொல்லும் சிடபிள்யூடி என்ற நோய் 1967இல் கொலராடோவில் முதலில் தெரிந்தது, 2022இல் லூசியானாவின் டென்சாஸ் பாரிஷிலும் கண்டார்கள். இதை உண்டாக்கும் பிரையான் என்ற உருக்குலைந்த புரதம் எந்தச் சமையல் சூட்டுக்கும் அழியாது. மனிதருக்கு இது பரவியதாக இதுவரை உறுதிப்படுத்தப்பட்டதில்லை. ஆனால் பரவவே பரவாது என்றும் யாரும் சொல்லவில்லை. நோய் இருக்கும் பகுதியில் அடித்த மானைச் சோதனைக்கு அனுப்ப வசதி இருக்கிறது. நோய் உறுதியான மானை உண்ண வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் ஆலோசனை. முடிவு வரும்வரை ஃப்ரீசரில் வைத்திருங்கள்.

காட்டுப்பன்றி நல்ல கறி, ஆனால் பச்சையாகக் கையாளும்போதுதான் ஆபத்து அதிகம். புரூசெல்லா என்ற கிருமி கையில் இருக்கும் சின்ன வெட்டு வழியாகவே ஏறும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். 160 டிகிரிக்குக் குறைவாக வேக வைக்காதீர்கள். நடுவில் சிவப்பாக விடும் நாகரிகமெல்லாம் இதில் வேண்டாம். வயது வந்த ஆண் பன்றியின் கொழுப்பில் மூத்திர வாடை போன்ற ஒன்று இருக்கும், சூடேறினால் இன்னும் எழும். வேடிக்கை என்னவென்றால் சிலர் மூக்குக்கு அது பிறவியிலேயே எட்டாது. உங்கள் நண்பர் அப்படிப்பட்டவராக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று மனமார நம்பியே கொடுப்பார். ஆகவே இளம் பெண் பன்றியாகக் கேளுங்கள், தோள்பகுதியை மூடிவைத்து நான்கு மணி நேரம் மெல்ல வேக வையுங்கள்.

கரடியில் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். லூசியானாவின் கருங்கரடி 1992 முதல் 2016 வரை பாதுகாக்கப்பட்ட இனமாக இருந்தது, அதன் பிறகும் அங்கே கரடி வேட்டை மிகச் சிறிய அளவில்தான், ஆகவே உங்களுக்கு வரும் கரடி பெரும்பாலும் வடக்கிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்ததாக இருக்கும். அங்கேதான் சிக்கல். கரடித் தசையில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம், வடக்குப் பகுதி வகை உறைநிலையிலும் சாகாது. 2022இல் கனடாவின் சஸ்காட்செவனிலிருந்து வந்த கரடிக்கறியை 45 நாள் உறைய வைத்து, தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்ப ஒன்றுகூடலில் கபாப் செய்தார்கள். ஆறு பேருக்கு நோய் வந்தது. அதில் இரண்டு பேர் கறியையே தொடாதவர்கள், கூடச் சேர்த்துச் சுட்ட காய்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். கரடிக்கறி இயல்பிலேயே கருஞ்சிவப்பு, வெந்ததா வேகவில்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. தெர்மாமீட்டர் இருந்தால் வாங்குங்கள், எல்லாத் துண்டும் 165 தாண்டும்வரை ஸ்டூ செய்யுங்கள். இல்லையென்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

வேட்டைக்காரர் நட்பு வளர்ந்தால் பட்டியலும் வளரும், ஆகவே சுருக்கமாக மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். காட்டு முயலை உரிக்கும்போது டுலரீமியா என்ற பாக்டீரியா நோய் தொற்றலாம் என்பதால் கையுறை அவசியம், வெந்த கறி நல்லது. நியூட்ரியா என்ற தென்னமெரிக்கக் கொறிணி சதுப்பைத் தின்று தீர்ப்பதால், மாநில அரசு வால் ஒன்றுக்கு 6 டாலர் கொடுத்துக் கொல்லச் சொல்கிறது. கறி முயல் போலவே இருக்கும், மெதுவாக வேக வைத்தால் ருசி. அலிகேட்டர் கார் என்ற பெரிய மீனின் சதை உண்ணலாம், அதன் முட்டை விஷம், நாய்க்குக்கூடப் போடாதீர்கள். ஆர்மடில்லோ தொழுநோய்க் கிருமியைச் சுமக்கும், தொடவே வேண்டாம். எவர்கிளேட்ஸ் மலைப்பாம்பில் பாதரசம் மிக அதிகம், அதுவும் வேண்டாம். கிலுகிலுப்பைப் பாம்பு டெக்சாஸ் திருவிழாக்களில் பொரித்துக் கிடைக்கும், முள்ளும் எலும்பும்தான் மிச்சம். நண்பர் வற்புறுத்தினால் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து சமைக்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.